மர்மத் தொடருக்குத் தியரி கட்டுவது எப்படி? 'டார்க்' தொடரை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

"மூணாவது எபிசோடுலேயே சொன்னேன், அவன்தான்னு" என்று மார்தட்டுபவர் இல்லாத வாட்ஸ்ஆப் குழு கிடையாது. பத்துப் பேரைச் சந்தேகப்பட்டு வைத்தால் ஒருவராவது மாட்டத்தான் செய்வார். அதை யாரும் தியரி என்று சொல்லமாட்டார்கள். எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறீர்கள், அது சரியென்றால் அடுத்து என்ன நடக்கவேண்டும், என்ன நடந்தால் அதைக் கிழித்துப் போடுவீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது தியரி. அப்படி ஒன்றைக் கட்டும் வேலைமுறை கீழே இருக்கிறது.

உதாரணங்களில் பெரும்பங்கு 'டார்க்' என்ற ஜெர்மன் தொடரிலிருந்து வருகிறது. 2017 டிசம்பர் 1 முதல் 2020 ஜூன் 27 வரை 3 சீசன், 26 எபிசோடு. முடிவை மனதில் வைத்தே எழுதப்பட்ட கதை என்பதால் பயிற்சிக்கு இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம். 'லாஸ்ட்', 'ட்வின் பீக்ஸ்', 'வெஸ்ட்வேர்ல்டு' முதல் சீசன் ஆகியவையும் வரும். நான்கின் முடிச்சுகளும் இங்கே அவிழும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்க்க உட்காருவதற்கு முன்

மூல மொழி ஆடியோவில் பாருங்கள், சப்டைட்டில் போட்டுக்கொண்டு. டப்பிங்கில் வாயசைவுக்கு ஏற்ப வசனத்தை மாற்றுவார்கள். அப்படி மாறுவது பெரும்பாலும் நமக்கு வேண்டிய ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்கும்.

சப்டைட்டிலிலும் இரண்டு வகை உண்டு. காது கேளாதோருக்கான வகையில் பேசுபவரின் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். முகமூடி போட்ட ஆளின் குரலுக்கு அது பெயரைப் போட்டுக் கொடுத்துவிடும் அபாயம் இருப்பதால் முதல் முறை பார்க்கும்போது அந்த வகை வேண்டாம். பிரைம் வீடியோவில் பாஸ் செய்தால் காட்சியில் இருக்கும் நடிகர், பாத்திரப் பெயர்களைக் காட்டும் எக்ஸ்-ரே வசதிக்கும் இதே கதைதான். நடிகர் பட்டியல் தளங்களில் "இவர் 8 எபிசோடு" என்று பார்த்துவிட்டு 'அப்படியென்றால் சாகமாட்டார்' என்று முடிவு கட்டுவது இரட்டைத் தப்பு. முதலாவது, உங்கள் ஆட்டமே கெட்டது. இரண்டாவது, அந்த எண்ணிக்கை பல சமயம் தவறாக இருக்கும்.

அறை விளக்கை அணையுங்கள். திரையின் பிரைட்னஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இருட்டுக் காட்சிகளில் ஓரத்தில் நிற்கும் ஆள் தெரியவில்லை என்றால் மீதி வேலை எல்லாம் வீண்.

முதல் முறை நிறுத்தாமல், இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்தி

முதல் தடவை பாஸ் பட்டனைத் தொடாதீர்கள். எங்கே பயம் வந்தது, எங்கே "இதென்ன ஒட்டாமல் இருக்கிறதே" என்று தோன்றியது என்பதை முடிந்தவுடன் நாலைந்து வரிகளில் எழுதி வையுங்கள். இயக்குநர் உங்களை எந்தப் பக்கம் தள்ளப் பார்த்தார் என்பதற்கு அந்த உணர்ச்சிதான் சாட்சி. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அது கிடைக்காது.

இரண்டாம் தடவைக்கு 50 நிமிட எபிசோடு என்றால் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். 10 விநாடி பின்னால் போகும் பட்டன்தான் உங்கள் முக்கியக் கருவி. முணுமுணுப்பு புரியவில்லை என்றால் வேகத்தை 0.75க்குக் குறைத்துக் கேளுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். ஓடிடி ஆப்களில் காப்புரிமைப் பூட்டு இருப்பதால் படம் பெரும்பாலும் கறுப்பாகத்தான் விழும். நிமிடத்தையும் விநாடியையும் குறித்து வைத்தால் போதும், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நிறுத்த வேண்டிய இடங்கள்: கடிதம், செய்தித்தாள், சுவரில் ஒட்டிய காகிதம், கண்ணாடிப் பிம்பம், குடும்பப் புகைப்படம், கல்லறைப் பலகை, கடிகாரம். 'லாஸ்ட்' இரண்டாம் சீசனின் 17வது எபிசோடில் ஒரு இரும்புக் கதவின்மேல் புறஊதா வெளிச்சத்தில் ஒரு வரைபடம் சில விநாடிகள் மட்டும் தெரியும். ரசிகர்கள் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி, அதிலிருந்த கிறுக்கல் கையெழுத்தையும் லத்தீன் வரிகளையும் படித்தே முடித்தார்கள். இந்தப் பழக்கம் ஓடிடி காலத்துக்கு முந்தியது. 1990இல் 'ட்வின் பீக்ஸ்' வந்தபோது வி.சி.ஆரில் பதிவு செய்து, நிறுத்திப் பார்த்து, யூஸ்நெட் என்ற அந்தக்கால இணைய விவாதக் குழுக்களில் அலசினார்கள். அந்தத் தொடரே அதற்குப் பாடம் எடுத்தது என்றும் சொல்லலாம்: முதல் எபிசோடில் துப்பறிவாளர் கூப்பர், இறந்துபோன லாராவின் வீடியோவைப் பெரிதாக்கி, அவள் கண்மணியில் தெரியும் மோட்டார் சைக்கிளைக் கண்டுபிடிக்கிறார்.

நோட்டு போடும் முறை

ஒரு எபிசோடுக்கு 15 முதல் 20 குறிப்பு. 40 தாண்டினால் நீங்கள் க்ளூ எடுக்கவில்லை, கதையை நகலெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான்கு கட்டம் போதும்: எபிசோடும் நேரமும், என்ன தெரிந்தது, யார் மூலம் தெரிந்தது, மதிப்பெண்.

மதிப்பெண்தான் உயிர். கேமரா நேரடியாகக் காட்டியதற்கு 3. தெளிந்த மனநிலையில் இருக்கும், பொய் சொல்லக் காரணமில்லாத பாத்திரம் சொன்னதற்கு 2. பொய் சொல்லக் காரணமுள்ளவர், குடித்திருப்பவர், கேள்விப்பட்டதைச் சொல்பவர் என்றால் 1. நீங்களாக ஊகித்ததற்கு 0. அந்த 0 ஏறாத வரை அதன்மேல் இன்னொரு ஊகத்தை அடுக்கக்கூடாது. பெரும்பாலான தியரிகள் சரிவது இங்கேதான்: 'அவர் இவருடைய அப்பா என்று வைத்துக்கொள்வோம்' என்று தொடங்கி, நாலு பத்தி தள்ளி 'அவர்தான் அப்பா என்பதால்' என்று வந்து நிற்கும்.

1 மதிப்பெண் வசனம் எப்படிக் கவிழ்க்கும் என்பதற்கு 'லாஸ்ட்' மூன்றாம் சீசனின் கடைசி எபிசோடு உதாரணம். விமான விபத்தில் ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை அது. போதையில் இருக்கும் நாயகன் ஜாக், தன் அப்பாவைக் கூப்பிடச் சொல்லிக் கத்துகிறான். அப்பா உயிரோடு இருக்கிறார் போல, அப்படியானால் இது விபத்துக்கு முந்தைய பிளாஷ்பேக் என்று பார்ப்பவர்கள் முடிவு கட்டினார்கள். நடந்தது, தீவைவிட்டு வந்த பிறகான எதிர்காலம். குடித்தவன் பேச்சுக்கு 3 மதிப்பெண் போட்டவர்கள் எல்லோரும் ஏமாந்தார்கள்.

ஒரு தியரி உருவாவதைக் கிட்டத்தில் பார்ப்போம்

'டார்க்' முதல் எபிசோடு. 2019 ஜூன் 21 அன்று மைக்கேல் கான்வால்ட் தூக்கில் தொங்குகிறார். விட்டுச்சென்ற உறையின்மேல் 'நவம்பர் 4, இரவு 10.13க்கு முன் திறக்கக்கூடாது' என்று எழுதியிருக்கிறது. அதை அவருடைய தாய் இனெஸ் எடுத்து ஒளித்துவைக்கிறாள்.

சில மாதம் கழித்து, நீல்சன் வீட்டில் காலைச் சாப்பாடு. 11 வயது மிக்கேல் ஒரு மேஜிக் காட்டுகிறான். எப்படிச் செய்தாய் என்று அப்பா உல்ரிச் கேட்கிறார். கேள்வி 'எப்படி' இல்லை அப்பா, 'எப்போது' என்கிறான் பையன். அன்று இரவு, நவம்பர் 4, குகை அருகே மிக்கேல் காணாமல் போகிறான். இனெஸ் சரியாக அந்த நேரத்துக்கு உறையைப் பிரிக்கிறாள்.

இப்போது நோட்டில் என்ன இருக்கும்? உறையின் தேதியும் நேரமும்: கேமரா காட்டியது, 3. பையன் காணாமல் போன இரவு: 3. இரண்டும் ஒன்றிப்போகின்றன. மிக்கேலின் வசனம்: 2. மிக்கேல் என்பது மைக்கேல் என்ற பெயரின் ஸ்காண்டிநேவிய வடிவம். இது நம் பொது அறிவு, அதனால் தனி நிறத்தில் எழுத வேண்டும். காணாமல் போன சிறுவனும் செத்துப்போன மனிதனும் ஒரே ஆள் என்ற எண்ணம் இதில் தானாக எழுந்து உட்காரும்.

அதோடு நிறுத்தாதீர்கள். ஒரே ஆள் என்றால் என்னென்ன கட்டாயமாகிறது என்று வரிசையாக எழுதுங்கள். மைக்கேலுக்குச் சாகும்போது நாற்பதுக்கு மேல் இருக்கும், அவர் மகன் ஜோனாஸ் பதின்வயதுப் பையன். ஆகவே சிறுவன் முப்பது ஆண்டுக்கு மேல் பின்னால் போயிருக்க வேண்டும். அப்படியென்றால் மைக்கேலின் குழந்தைப் பருவத்தை யாரும் பார்த்திருக்கக் கூடாது, இனெஸ் பெற்ற தாயாக இருக்கவே முடியாது. வளர்த்தவளாக மட்டுமே இருக்கலாம். கடைசியாக ஒன்று: ஜோனாஸ் காதலிக்கும் மார்த்தா, மிக்கேலின் அக்கா. அப்பாவின் அக்கா நம்மூர் முறைப்படி என்ன? அத்தை! ஒரு தியரி இப்படி வயிற்றைக் கலக்கும் விளைவைக் கொண்டுவந்தால் அதைக் கவனமாகத் தொடருங்கள். மர்மத் தொடர் எழுதுபவர்கள் அந்த வயிற்றுக் கலக்கத்துக்காகத்தான் எழுதுகிறார்கள்.

மூன்றாவது எபிசோடில் 1986இல் வந்து விழும் மிக்கேலை மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளும் நர்ஸின் பெயர் இனெஸ். ஐந்தாவதில் தொடரே உடைத்துச் சொல்லிவிடுகிறது. இடையில் கைவசம் இருந்த நான்கு எபிசோடுதான் தியரிக்காரர்களின் மைதானம்.

வயது, தேதி, தழும்பு

காலம் தாவும் கதைக்குத் தனியாக ஒரு வருடப் பட்டியல் போடுங்கள். 'டார்க்'கில் 1953, 1986, 2019 என்று 33 வருட இடைவெளி. நெடுவாட்டில் வருடம், குறுக்குவாட்டில் ஆட்கள், ஒவ்வொரு கட்டத்திலும் வயது. பென்சிலால்தான் எழுத வேண்டும். கான்வால்ட், நீல்சன், டாப்ளர், டீடமன் என்ற நான்கு குடும்பமும் அடங்க ஏ-4 தாள் பற்றாது, ஏ-3 வாங்குங்கள். வம்ச மரத்தை மேலிருந்து கீழாக மட்டும் வரைந்தவர்கள் இரண்டாம் சீசனில் திண்டாடினார்கள். சார்லட்டின் மகள் எலிசபெத்தான் சார்லட்டின் தாயும். மரம் அங்கே வட்டமாகிவிடுகிறது.

ஆளை அடையாளம் காண முகத்தைவிட உடல் குறி நம்பகமானது. சிறு வயதுக்கும் பெரிய வயதுக்கும் வேறு வேறு நடிகர்கள், முக ஒற்றுமை நடிகர் தேர்வின் தற்செயலாக இருக்கலாம். தழும்பை மேக்கப்காரர் காசு செலவழித்து ஒட்டுகிறார், அது தற்செயல் ஆகாது. ஹெல்கே டாப்ளருக்கு 2019இலும் காது சிதைந்திருக்கிறது, 1986இலும் சிதைந்திருக்கிறது. 1953இல் சிறுவனாக முதலில் வரும்போது காது நன்றாக இருக்கிறது. ஆக, அந்தக் காலத்தில் ஏதோ நடந்தே தீரவேண்டும், நாம் அதைப் பார்த்தே தீருவோம். முதல் சீசனிலேயே, எதிர்காலத்திலிருந்து போன உல்ரிச் அவனைக் கல்லால் அடிக்கிறார். காதை மட்டும் கவனித்தவர்களுக்கு 'யார்' என்பது தெரியாமல் இருந்திருக்கலாம், 'எப்போது' என்பது தெரிந்தே இருந்திருக்கும்.

பொருட்களையும் அப்படியே பின்தொடருங்கள். 2019 கோடையில் ஏரிக்கரை மணலில் ஜோனாஸுக்கும் மார்த்தாவுக்கும் ஒரு புனித கிறிஸ்டோபர் பதக்கம் கிடைக்கிறது. காதல் காட்சியின் அலங்காரம் என்று கடந்து போனவர்கள் நிறைய. ஆனால் ஏரிக்கரையில் கிடைக்கும் பதக்கத்தை யாரோ தொலைத்திருக்க வேண்டுமே? மூன்றாம் சீசனில் பதில் வருகிறது: ஜோனாஸின் தாய் ஹன்னா அதை 1954இல் ஹெலேன் என்ற சிறுமியிடம் கொடுக்கிறாள். ஹெலேன் வளர்ந்து, 1987இல், எதிர்காலத்திலிருந்து வந்த தன் மகள் கத்தரீனாவை அடையாளம் தெரியாமல் அதே கரையில் கொல்லும்போது அது அறுந்து மண்ணில் விழுகிறது. கதையில் ஒரு பொருள் இரண்டு தடவை குளோசப்பில் வந்தால் அதற்கு நோட்டில் தனிப் பக்கம் கொடுங்கள்.

காட்டிய வரிசைதான் நடந்த வரிசையா?

இந்தச் சந்தேகத்தைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 2016இல் வந்த 'வெஸ்ட்வேர்ல்டு' முதல் சீசன், முப்பது வருட இடைவெளியில் நடந்த இரண்டு கதைகளை ஒரே நேரத்தில் நடப்பதுபோல வெட்டி ஒட்டியது. நல்லவனாக வரும் வில்லியமும் கறுப்பு உடைக் கிழவரும் ஒருவரே. ரசிகர்கள் இதைச் சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடித்துவிட்டார்கள். காட்டிக்கொடுத்தவற்றில் ஒன்று, வில்லியம் வரும் காட்சிகளில், கதை நடக்கும் பொழுதுபோக்குப் பூங்காவின் லோகோ பழைய வடிவில் இருந்தது. சோதிக்க எளிய வழி: இரண்டு பாத்திரங்களும் ஒரே ஃப்ரேமில் நின்று பேசிய காட்சி ஒன்றாவது உண்டா? மூன்றாம் நபர் ஒருவர் இருவரையும் பற்றி ஒரே உரையாடலில் பேசினாரா? இரண்டுமே இல்லை என்றால் சின்னம், போன், வண்டி, கட்டடத்தின் நிலை என்று தேடுங்கள்.

எழுத்தைக் கலைத்துப் பார்ப்பது

பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டுப் புதுச் சொல் உண்டாக்குவது ஆங்கிலத் தொடர்களின் பழைய வித்தை. 'வெஸ்ட்வேர்ல்டு'வின் பெர்னார்ட் லோ என்ற பெயரைக் கலைத்தால் ஆர்னால்ட் வெபர், கதையில் முன்பே இறந்துபோனதாகச் சொல்லப்படும் பூங்கா நிறுவனர். 'லாஸ்ட்'டின் ஈதன் ரோம் கலைந்தால் 'மற்ற மனிதன்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள். மேலே சொன்ன மூன்றாம் சீசன் கடைசி எபிசோடில் ஜாக் போகும் இறுதிச் சடங்குக் கூடத்தின் பெயர் ஹாஃப்ஸ்-டிராலர்; கலைத்தால் 'பிளாஷ் ஃபார்வர்ட்'. விடையைப் பெயர்ப்பலகையாகவே மாட்டிவைத்திருந்தார்கள்.

மூல மொழியின் எழுத்தில்தான் இதைச் சோதிக்க வேண்டும், தமிழில் எழுதிக் கலைத்தால் ஒன்றும் வராது. முழுப் பெயரும் ஓர் எழுத்துகூட மிச்சமில்லாமல் வரவேண்டும். ஓர் எழுத்து இடித்தாலும் குப்பை. எந்தப் பெயரைக் கலைத்தாலும் ஏதாவது சொல் வரத்தான் செய்யும் என்பதால், வேறு இரண்டு க்ளூ ஏற்கனவே அந்தப் பக்கம் கை காட்டினால் மட்டும் இதைத் துணைச் சாட்சியாகச் சேருங்கள்.

கதைக்கு வெளியே கிடக்கும் காரணங்கள்

க்ளூ போலத் தெரிவதெல்லாம் க்ளூ ஆகாது. 'ட்வின் பீக்ஸ்'இல் பயமுறுத்தும் பாப் என்ற உருவம் யார்? ஃபிராங்க் சில்வா, அரங்கப் பொருட்களை அடுக்கும் பணியாளர். ஒரு காட்சியில் அவர் பிம்பம் தவறுதலாகக் கண்ணாடியில் விழுந்தது, இயக்குநர் டேவிட் லிஞ்ச் அதை அழிக்காமல் கதைக்குள் இழுத்துக்கொண்டார். அதே தொடரில் கொலைகாரன் யார் என்பதைச் சீக்கிரம் சொல்லும்படி சேனல் நெருக்கியது. 1990 நவம்பரில் சொன்னார்கள், அதன்பின் பார்வையாளர்கள் கழன்றுகொண்டார்கள். 'லாஸ்ட்' முதல் சீசன் தீவில் 44 நாட்கள்தான். ஆனால் ஒளிபரப்பு எட்டு மாதம் ஓடியது, சிறுவன் வால்ட்டாக நடித்த பையன் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருந்தான். அந்த வளர்ச்சிக்குக் கதைக்குள் காரணம் தேடுவது வீண். அதே தொடரின் மிஸ்டர் எக்கோ என்ற பாத்திரம் செத்ததற்குத் தத்துவக் காரணம் தேடினார்கள். அந்த நடிகர் தொடரைவிட்டு விலகக் கேட்டிருந்தார்.

அதனால் ஒரு கிளைக்கதை திடீரென்று அறுந்தால் முதலில் நடிகர் விலகினாரா, சேனல் தலையிட்டதா என்று பாருங்கள். ஷாட் மாறும்போது கோப்பையில் காபி ஏறி இறங்கினால் அது கவனக்குறைவு. அதே மாற்றம் மூன்று எபிசோடில் ஒரே ஆள் வரும்போது மட்டும் நடந்தால் மட்டும் நோட்டுக்குள் விடுங்கள்.

நேர்மையாக எழுதப்பட்ட தொடரிலும் வேண்டுமென்றே விடப்பட்ட பொறி உண்டு. 'டார்க்'கின் அலெக்சாண்டர் டீடமன் வேறொருவர் பெயரைத் திருடிக்கொண்டு ஊருக்குள் வந்தவர். அவர் எந்தக் காலத்திலிருந்து வந்தார் என்று மலைபோலத் தியரிகள் குவிந்தன. எந்தக் காலத்திலிருந்தும் வரவில்லை, வெறும் போரிஸ் நீவால்ட் என்ற ஆள். போலீஸ்காரர் வோலரின் கண்ணுக்கு என்ன ஆனது என்று மூன்று சீசனாகக் கேட்டவர்களுக்கோ, கடைசி விருந்துக் காட்சியில் அவர் சொல்ல வாயெடுக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. ரசிகர்களைக் கிண்டல் செய்வதில் இதை மிஞ்ச ஆளில்லை.

எழுதிப் பூட்டி வைத்தல்

தியரியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'ஆனால்', 'ஒருவேளை' வந்தால் அது இரண்டு தியரி, பிரியுங்கள். கீழே க்ளூக்களை மதிப்பெண்ணோடு எழுதுங்கள். குறைந்தது மூன்று வேண்டும், இரண்டு வெவ்வேறு எபிசோடிலிருந்து, கூட்டுத்தொகை 7க்குக் குறையாமல். அடுத்த வரி: இது சரியென்றால் அடுத்த இரண்டு எபிசோடில் நாம் பார்க்கவேண்டியது என்ன. கடைசி வரி: எதைப் பார்த்தால் கைவிடுவேன். தேதி போட்டுக் குழுவில் பதியுங்கள், பிறகு திருத்தாதீர்கள்.

கடைசி வரியை எழுதவே முடியவில்லை என்றால் அந்தத் தியரி எதையும் விளக்கவில்லை என்று பொருள். 'எல்லாம் கனவு', 'எல்லோரும் ஏற்கனவே செத்துவிட்டார்கள்' என்பவை இந்த ரகம். எந்தக் காட்சி வந்தாலும் அவை பொருந்தும். 'லாஸ்ட்'டை இன்றும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. ஆறாம் சீசனில் வந்த மாற்று வாழ்க்கைதான் மரணத்துக்குப் பின்னானது, தீவில் நடந்ததெல்லாம் நடந்தது. கடைசி எபிசோடின் பெயர்ப்பட்டியல் ஓடும்போது சேனல் சேர்த்த ஆளில்லாத விமானச் சிதைவுக் காட்சி குழப்பத்தை இன்னும் கூட்டிவிட்டது.

90களில் சன் டிவியில் 'மர்மதேசம்' வாரம் ஒருமுறை வந்தபோது யோசிக்க ஆறு நாள் கையில் இருந்தது. 2022 ஜூன் 17 அன்று பிரைம் வீடியோவில் வந்த 'சுழல்' 8 எபிசோடையும் ஒரே நாளில் கொட்டியது. அப்படிக் கொட்டும் தொடர்களுக்கு நீங்களே அணை போட வேண்டும். நான்காவது எபிசோடு முடிந்ததும் நிறுத்தி, தியரியை எழுதிப் பூட்டி, ஒரு நாளாவது கழித்துத் தொடருங்கள். 'அடுத்த எபிசோடு தானாக ஓடட்டும்' என்ற வசதியை முன்கூட்டியே அணைத்து வையுங்கள், நள்ளிரவில் மன உறுதியை நம்ப முடியாது.

குழுவில் நடந்துகொள்வது

நான்கைந்து பேர் போதும், வேலையைப் பிரியுங்கள். ஒருவர் தேதி, ஒருவர் பொருட்கள், ஒருவர் வசனம், இன்னொருவர் முழுநேர மறுப்பாளர். மறுப்பாளர் வேலை எல்லாத் தியரியிலும் ஓட்டை தேடுவது. அதை மாதாமாதம் வேறொருவருக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் நட்பு கெடும். கசிந்த திரைக்கதை, படப்பிடிப்புத் தளப் புகைப்படம் எதையும் குழுவுக்குள் விடாதீர்கள். செய்தியின் முதல் வரியில் எந்த எபிசோடு வரை ஸ்பாய்லர் என்று எழுதிவிட்டு, சில வெற்று வரிகள் விட்டுத் தொடங்குங்கள். நோட்டிஃபிகேஷனில் முதல் வரி தெரியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விடை வந்த அன்று பழைய நோட்டை எடுத்து வையுங்கள். சரியாகச் சொன்னவற்றில் எத்தனை, நீங்கள் குறித்த அதே க்ளூக்களால் சரியாயின என்று எண்ணுங்கள். ஆளைச் சரியாகச் சொல்லி, காரணத்தைத் தவறாகச் சொல்லியிருந்தால் அரைப் புள்ளி. தவறிய ஒவ்வொன்றுக்கும், எந்தக் குறிப்புக்கு மதிப்பெண் கூடப் போட்டீர்கள் என்று தேடிப் பிடித்து, நேரக் குறியோடு அந்தக் காட்சியை மறுபடி ஓடவிடுங்கள். அடுத்த சீசனுக்குப் புது நோட்டு வாங்கும்போது முதல் பக்கத்தில் அந்தப் பட்டியலை ஒட்டிக்கொள்ளுங்கள்.